ஒரு பாக்கெட் போரேஜ் விதை, ஒரு வருடக் கணக்கு

"ஏம்மா, ரெண்டு பவுன் குடுத்தா கற்பூரவள்ளி வாங்குன?"

வீடியோ காலில் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. நான் சொன்னது இரண்டு பவுண்டு சொச்சம். அவள் காதில் விழுந்தது இரண்டு பவுன். பதினாறு கிராம் தங்கத்தை ஒரு காகிதப் பொட்டலத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவள் பதறிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மகன் போனில் தேடிப் பார்த்து, "போரேஜ்னா கற்பூரவள்ளி அப்பத்தா" என்று எடுத்துக் கொடுத்துவிட்டான். அதற்கப்புறம் நான் சொன்ன எதுவும் அங்கே எடுபடவில்லை.

பையன் மேல் தப்பில்லை. நம் கற்பூரவள்ளிக்கு, சில ஊர்களில் ஓமவல்லி என்போமே அதற்கு, இங்கிலீஷில் இந்தியன் போரேஜ் என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும். ஆனால் அது துளசி, புதினா குடும்பம். நான் விதை போட்டு வளர்த்தது போராகோ அஃபிசினாலிஸ். மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி, ஐரோப்பா முழுக்கப் பரவியது, ஒரே வருடத்தில் முளைத்துப் பூத்துக் காய்ந்து முடிந்துவிடும். கற்பூரவள்ளி தேடி வந்தவர்கள் இந்த விமர்சனத்தை இதோடு மூடிவிடலாம். அதற்கு விதையே வேண்டாம். தெரிந்தவர் வீட்டுத் தொட்டியில் ஒரு கிளை ஒடித்து மண்ணில் செருகினால் வேலை முடிந்தது.

நான் நிலக்கோட்டைப் பக்கம். அப்பா மல்லி போட்டவர். பூ என்றால் விடியற்காலையில் பறிப்பது, எடை போடுவது, மார்க்கெட்டுக்கு அனுப்புவது என்றுதான் எனக்குத் தெரியும். இப்போது இருப்பது தென் லண்டன், வேலை ஒரு மருந்துக்கடை கவுன்டரில். கவுன்சில் வாடகைக்கு விடும் அலாட்மென்ட் நிலம் நான்கு வருடம் காத்திருந்த பிறகு கிடைத்தது. முழுப் பிளாட் இல்லை, பாதி. இங்கே இன்னும் ராட் கணக்கில்தான் அளக்கிறார்கள். முழுப் பிளாட் பத்து ராட், என்னுடையது ஐந்து ராட், ஏறக்குறைய 125 சதுர மீட்டர். மூன்று செண்டு வரும். மண் லண்டன் களி. மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், வெயிலில் வெடித்து நிற்கும். செவக்காட்டு மண்ணில் வளர்ந்த காலுக்கு அது இன்னும் பழகவில்லை.

போரேஜ் வாங்கியது ஆசைப்பட்டு இல்லை. 2023-இல் என் கோர்ஜெட் செடி (ஊரில் சுக்கினி என்பார்கள்) விரல் நீளத்துக்குப் பிஞ்சு விட்டு, நுனியிலிருந்து அழுகி அழுகி விழுந்தது. அந்தக் கோடை முழுக்கச் சேர்ந்து ஒன்பது காய். பக்கத்துப் பிளாட் பெரியவர் இத்தாலிக்காரர், ஜெனோவா பக்கம். வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "உன் தோட்டத்தில் தேனீ இல்லை, பொராஜினே போடு" என்றார். அவர்கள் போரேஜுக்குச் சொல்லும் பெயர் அது. அப்படித்தான் 2024 மார்ச்சில் கார்டன் சென்டரில் அந்தப் பாக்கெட்டை எடுத்தேன். கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. விதையைப் பற்றி நல்லதாகவும் பாக்கெட்டைப் பற்றி மோசமாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது, பெயர் போட்டால் வழக்கு வம்பு.

முன்பக்கம் நீலப்பூப் படம், அடக்கமான குட்டிப் புதர். பின்பக்கம் எழுதியிருந்தது இவ்வளவு: மிக எளிதில் வளரும். உயரம் 60 செ.மீ. மார்ச் முதல் ஜன்னலோரம் தட்டில் விதைத்து மே மாதம் வெளியே மாற்றி நடலாம், அல்லது நேரடியாக மண்ணில் விதைக்கலாம். தொட்டிக்கும் ஏற்றது. பூவும் இலையும் உண்ணத்தக்கவை. சுமார் 40 விதை.

எண்ணினேன். 37 இருந்தது. "சுமார்" என்ற சொல்லுக்குள் மூன்று அடங்கும் என்று விட்டுவிட்டேன்.

விதை எனக்குப் பிடித்திருந்தது. உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் மிளகை யாரோ இழுத்து நீட்டின மாதிரி, உளுந்துத் தோல் கறுப்பில், மேலெல்லாம் சுருக்கம், ஒரு முனையில் மட்டும் வெளிறின வளையம். அந்த வளையம்தான் பூவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த இடம் என்பது பின்னால் நானே விதை எடுத்தபோது தெரிந்தது. கையில் பிடித்து ஒவ்வொன்றாக ஊன்றலாம். கீரை விதை மாதிரி மணலில் கலந்து வீச வேண்டியதில்லை. வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஏற்ற விதை.

பாக்கெட் சொன்னதை நம்பி 12 விதையைச் சமையலறை ஜன்னல் தட்டில் போட்டேன். இருட்டில்தான் முளைக்கும் விதை இது, அதனால் ஒரு செ.மீ. மண் மூடியது. ஆறாம் நாள் காலையில் பார்த்தால் முதுகை வளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. 12-க்குப் பத்து. வித்திலையே கட்டைவிரல் நகம் அளவு, சதைப்பற்றாக இருந்தது. கொத்தமல்லிக்கு இரண்டு வாரம் தவம் கிடந்த எனக்கு இது பெரிய விஷயம். வீட்டுக்காரரிடம் போட்டோ அனுப்பி, "பாத்தீங்களா, எப்படி வருது!" என்று பீற்றிக்கொண்டேன்.

ஏப்ரல் நடுவிலேயே தட்டின் ஓட்டை வழியாக வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். மே முதல் வாரம் அலாட்மென்டுக்குக் கொண்டுபோய், வேரோடு மண் உதிராமல், குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி நட்டேன். மறுநாள் சாயங்காலம் பத்தும் தரையோடு படுத்துக் கிடந்தன. தண்ணீர் விட்டேன், நிழலுக்கு அட்டைப்பெட்டி கவிழ்த்தேன். ஏழு போய்விட்டது. பிழைத்த மூன்றும் கடைசி வரை நோஞ்சானாகவே இருந்து, ஒரு முழம் உயரத்தில் பூத்துவிட்டு நின்றுவிட்டன.

காரணம் எளிது. இது ஆணிவேர்ச் செடி. முளைத்த நாளிலிருந்தே அடியில் கம்பி இறக்கிக்கொண்டே போகும். அதை மடக்கி எடுத்து வேறு இடத்தில் வைத்தால் கோபித்துக்கொள்ளும். முள்ளங்கியைத் தட்டில் போட்டுப் பிடுங்கி நடுவோமா? இதுவும் அப்படித்தான். தட்டில் விதைக்கலாம் என்று அச்சடித்தவர் ஒருமுறையாவது தட்டில் விதைத்துப் பார்த்தாரா தெரியவில்லை. எழுதிக் கேட்டேன். "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

நல்லவேளை, எல்லா விதையையும் தட்டில் போடவில்லை. ஏப்ரல் மூன்றாம் வாரம் 15 விதையை நேராகப் பாத்தியிலேயே ஊன்றியிருந்தேன், ஒரு முழ இடைவெளி விட்டு. 11 முளைத்தது. அந்த வருட வசந்தம் இங்கே ஒரே மழை. தோட்டக்காரர்கள் எல்லோரும் ஓடில்லாத நத்தையைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். பகலில் ஒன்று கண்ணில் படாது. ராத்திரி ஒன்பதரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் விருந்து நடக்கும். நான்கு முளையை இரண்டே ராத்திரியில் தண்டு வரை வழித்துவிட்டன. நானும் மகளும் ஐஸ்கிரீம் டப்பாவும் கையுறையுமாகப் போய்ப் பொறுக்கினோம். மகள், "அம்மா, இது நமக்குத் தேவையா?" என்று டார்ச்சை என் மூஞ்சியில் அடித்தாள். ஒரு வாரம் பொறுக்கியதில் ஏழு தப்பித்தது. ஐந்தாறு இலை விட்டு ரோமம் முரடான பிறகு நத்தைகள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. போரேஜ் போடுகிறவர்கள் காவல் காக்க வேண்டியது அந்த முதல் மூன்று வாரம்தான்.

மீதி பத்தில் நான்கை இத்தாலிப் பெரியவருக்குக் கொடுத்தேன். அவர் தோட்டத்தில் ஏற்கெனவே காடாக இருந்தது, மரியாதைக்கு வாங்கிக்கொண்டார். ஆறை மே கடைசியில் அவர் சொன்னபடி தக்காளிக்குப் பக்கத்தில் ஊன்றினேன், ஐந்து வந்தது.

ஆக, நேரடியாக மண்ணில் போட்ட 21-இல் 16 முளைத்தது. இரண்டு பவுண்டு விதைக்கு இது நல்ல முளைப்பு. விதையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உயரத்துக்கு வருவோம். 60 செ.மீ. என்று போட்டிருந்ததை நம்பிப் பாத்தியின் முன்வரிசையில் வைத்திருந்தேன். ஜூன் கடைசியில் அளந்தால் 95. எனக்கு நெஞ்சு வரை வந்துவிட்டது, நான் கொஞ்சம் குள்ளம். அகலம் இரண்டு கை விரித்த அளவு. பின்னால் வைத்த வெங்காயம் நிழலில் மாட்டிக்கொண்டு பூண்டு சைஸிலேயே நின்றுவிட்டது. தண்டு கட்டைவிரல் கனம் இருக்கும், ஆனால் உள்ளே ஒன்றுமில்லை, பப்பாளி இலைக்காம்பு மாதிரி வெறும் குழல். மேலே இலையும் பூவும் மழைத்தண்ணியும் சேர்ந்தால் தாங்காது. ஆகஸ்டில் ஒரு ராத்திரிக் காற்றில் மூன்று செடி அப்படியே உட்கார்ந்துவிட்டன. ஜூனிலேயே குச்சி நட்டுக் கட்டியிருக்க வேண்டும். "தொட்டிக்கும் ஏற்றது" என்றால் எந்தத் தொட்டி என்று சொல்ல வேண்டாமா? கிணற்று உறை மாதிரி ஆழமான தொட்டி என்றால் சரி.

ரோமத்தைப் பற்றிப் பாக்கெட்டில் ஒரு வார்த்தை இல்லை. தண்டு, இலை, பூக்காம்பு எல்லாம் வெள்ளை முடி. தூரத்திலிருந்து பார்த்தால் பனி பூத்த மாதிரி அழகாக இருக்கும். பூசணி இலையின் சொரசொரப்பைப் போல இரண்டு பங்கு. செந்தட்டி அளவுக்கு எரியாது, ஆனால் அரைக்கைச் சட்டையோடு களை எடுத்தால் முழங்கை வரை சிவந்துவிடும். எனக்கு ஒருநாள் முழுக்க அரித்தது. முழுக்கை போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு திட்டின பிறகும் இந்தச் செடிக்கு ஏன் நல்ல மார்க் போடுகிறேன் என்றால், அதற்குக் காரணம் ஜூன் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

பூ ஐந்து முனை நட்சத்திரம். நம் ஆட்கள் யாரும் பார்த்தால் முதலில் தூதுவளை என்றுதான் சொல்வார்கள். அதே மாதிரி விரிந்த இதழ், நடுவில் கூம்பாகக் குவிந்த மகரந்தப்பை. தூதுவளையில் கூம்பு மஞ்சள், இதில் கறுப்பு. நிறம் நல்ல நீலம், சங்குப்பூவைவிடக் கொஞ்சம் வெளிர். மொட்டு விரிகிறபோது இளஞ்சிவப்பாக இருந்து அப்புறம் நீலமாகும், ஒரே கொத்தில் இரண்டு நிறமும் இருக்கும். பூ மேலே பார்க்காது. எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மண்ணைப் பார்க்கும். முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் குனிந்து, கீழேயிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும்.

அன்றைக்கு அப்படிக் குனிந்திருந்தபோது ஒரு பம்பிள்பீ வந்தது. பஞ்சு உருண்டை மாதிரி கொழுத்த தேனீ, பின்பக்கம் மட்டும் வெள்ளை. பூவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கறுப்புக் கூம்பைக் காலால் இறுக்கிப் பிடித்தது. பறக்கும்போது ஒரு சத்தம் வருமே, அது நின்று, அதைவிடச் சன்னமாக, சுருதி ஏறின மாதிரி வேறொரு சத்தம் வந்தது. சிறகை அசைக்காமலே உடம்பை மட்டும் அதிர வைக்கிறது. கூம்பின் நுனியிலிருந்து பொடி உதிர்ந்து அதன் வயிற்றில் ஒட்டியது. தக்காளிப் பூவும் கத்தரிப் பூவும் இதே மாதிரி உலுக்கினால்தான் மகரந்தத்தை நன்றாக விடும். இத்தாலிப் பெரியவர் ஏன் தக்காளிப் பக்கம் இதை வைக்கச் சொன்னார் என்பது அப்போது புரிந்தது.

போன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரே பூவைப் பத்து நிமிடம் பார்த்தேன். நான்கு தடவை ஆள் வந்தது. இதில் தேன் உறிஞ்சப்பட்ட சில நிமிடத்திலேயே மறுபடி ஊறும் என்கிறார்கள். யார்க்‌ஷர், லிங்கன்ஷர் பக்கம் எண்ணெய்க்காக ஏக்கர் கணக்கில் இதைப் பயிரிடுகிறார்கள். பூக்கிற காலத்தில் தேனீ வளர்ப்பவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போவார்களாம். என் பத்துப் பதினைந்து செடிக்கே ஜூலையில் பாத்தி முழுக்க ரீங்காரம். கண்ணை மூடினால் கல்யாண மண்டபத்தில் தூரத்தில் நாதஸ்வரக்காரர் சுருதிப்பெட்டியை மட்டும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போன மாதிரி.

கோர்ஜெட் அந்த வருடம் முப்பதைத் தாண்டியது. எல்லாப் புகழும் போரேஜுக்கு என்று சொல்லமாட்டேன். மழை நன்றாக இருந்தது, எருவும் போட்டிருந்தேன். ஆனால் நுனி அழுகின பிஞ்சு விரல்விட்டு எண்ணக்கூடியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுப் பூவைக் காட்டினேன். கற்பூரவள்ளி பூக்காதே என்று சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "கிட்டக் காட்டு. இலையத் திருப்பு" என்றாள். அப்புறம், "இது நம்ம கவிழ்தும்பை மாதிரில்ல இருக்கு" என்றாள்.

கவிழ்தும்பையைச் சிலர் கழுதைத்தும்பை என்பார்கள். வரப்போரம், ரோட்டோரம் தானாக வளர்கிற செடி. சொரசொரப்பான இலை, வெளிர் நீலப் பூ கவிழ்ந்து நிற்கும், அதனால்தான் அந்தப் பெயர். அன்று ராத்திரி பார்த்தேன். அம்மா சொன்னது சரி. கவிழ்தும்பையும் போரேஜும் ஒரே குடும்பம். நம் ஊர்த் தேள்கொடுக்கும் அந்த வகையறாதான். இன்டர்நெட் சொன்ன கற்பூரவள்ளி உறவே இல்லை, செடியைத் தொடாமல் ஐயாயிரம் சொச்சம் மைலுக்கு அப்பாலிருந்து போன் திரையில் பார்த்த அம்மா குடும்பத்தைப் பிடித்துவிட்டாள். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றவள்.

அப்பா இருந்திருந்தால் அவர் கேட்பது வேறு. "கட்ட வருமா? என்ன விலை போகும்?" கட்ட வராது. ஒரு மணி நேரத்தில் சுருண்டுவிடும், வாசமும் கிடையாது.

சாப்பாட்டு விஷயம். பூவை அப்படியே வாயில் போடக்கூடாது, பின்னால் இருக்கும் பச்சை இதழெல்லாம் முடி. நடுவில் இருக்கிற கறுப்புக் கூம்பை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தால் நீல நட்சத்திரம் மட்டும் கழன்று கையில் வரும். இதை ஒருதரம் கற்றுக்கொண்டால் நிறுத்த முடியாது, மகள் ஒரு கிண்ணம் நிறையக் கழற்றுவாள். ஐஸ் தட்டில் தண்ணீரோடு ஒவ்வொன்றாகப் போட்டு உறைய வைத்தோம். எலுமிச்சை ஜூஸில் அந்தக் கட்டியைப் போட்டால், கரையக் கரையப் புளிப்புப் பட்ட பூ ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். இங்கே பிம்ஸ் என்று கோடையில் குடிக்கிற ஒரு பானத்தில் முன்பெல்லாம் இதைத்தான் மிதக்க விடுவார்களாம். இப்போது வெள்ளரித் துண்டு போடுகிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது, இளம் இலையைக் கசக்கி முகர்ந்தால் வெள்ளரிப்பிஞ்சு வாசம்தான்.

ஐரோப்பாவில் இதைக் கீரையாகவே சாப்பிடுகிற ஊர்கள் உண்டு. ஸ்பெயினில் அரகோன் பக்கம் தண்டை முடி போகத் தேய்த்து, உருளைக்கிழங்கோடு வேகவைத்து ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் ஏழு பச்சிலை சேர்த்து அரைக்கும் பச்சைச் சட்னி ஒன்று உண்டு, அதில் இது ஒன்று. இத்தாலிப் பெரியவர் வீட்டில் மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பார்களாம். அவர் கையை ஆட்டிச் செய்முறை சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. "இது பஜ்ஜி" என்றேன். "என்ன ஜி?" என்றார்.

சனிக்கிழமை செய்தேன். கடலை மாவு, கொஞ்சம் அரிசி மாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு. உள்ளங்கை அகல இளம் இலையாகப் பார்த்துப் பறித்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மாவில் முக்கிப் போட்டேன். சூட்டில் முடியெல்லாம் அடங்கிவிடுகிறது, நாக்கில் தட்டுப்படவில்லை. ருசி? கற்பூரவள்ளி பஜ்ஜி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது சப்பென்றுதான் இருக்கும். அந்த ஓம வாசம், மூக்கைத் திறந்துவிடும் காரம் எதுவும் இதில் இல்லை. மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்ற பச்சை, லேசான வெள்ளரி. தேங்காய்ச் சட்னி தாங்கிப் பிடித்தது. பெரியவருக்கு ஒரு டப்பா கொடுத்தேன். மிளகாய்க்குக் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே முழுவதும் சாப்பிட்டார்.

இதில் மருந்துக்கடைக்காரியாக ஒன்று சொல்ல வேண்டும், பாக்கெட் சொல்லாமல் விட்டதும் இதைத்தான். போரேஜ் இலையில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற பொருள் உண்டு. அதிகமாக, நாள்கணக்கில் உள்ளே போனால் கல்லீரலுக்கு ஆகாது. எப்போதாவது நாலு பஜ்ஜி, ஜூஸில் இரண்டு பூ என்றால் நான் கவலைப்படமாட்டேன். தினம் கீரையாகக் கடைந்து சாப்பிடுவது, காய்ச்சிக் கஷாயமாகக் குடிப்பது வேண்டாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், கல்லீரல் தொந்தரவு உள்ளவர்கள் தொடவே வேண்டாம். "உண்ணத்தக்கது" என்ற ஒரு வார்த்தையோடு பாக்கெட் முடித்துக்கொண்டது எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் கடை அலமாரியில் இதே செடியின் விதை எண்ணெய் ஸ்டார்ஃப்ளவர் ஆயில் என்று கேப்ஸ்யூலில் இருக்கிறது. காமா லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், ஈவ்னிங் பிரிம்ரோஸ் என்ற இன்னொரு பூச்செடியின் எண்ணெயைவிட இரண்டு மடங்கு. தோல் அரிப்புக்கென்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. 2013-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்து, இந்த இரண்டு எண்ணெயும் எக்ஸிமாவுக்கு வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக எதுவும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டது. கேட்டால் சொல்வேன். பாதிப் பேர் அப்படியும் வாங்கிப்போவார்கள்.

ஆகஸ்ட் முடிவில் அடியிலைகளில் சாம்பல் நோய் வந்தது. இங்கே அந்த நேரத்தில் பூசணி, வெள்ளரி எல்லாவற்றுக்கும் வரும். இலையைக் கிள்ளிப் போட்டேன், பூ நிற்கவில்லை. அக்டோபர் வரை பூத்தது.

விதை எடுப்பது ஒரு கலை. ஒரு பூவுக்கு அதிகபட்சம் நான்கு விதை, கிண்ணத்தில் முட்டை வைத்த மாதிரி அடியில் உட்கார்ந்திருக்கும். கறுத்துவிட்டதா என்று இன்றைக்குப் பார்த்துவிட்டு நாளைக்குப் பறிக்கலாம் என்று போனால், நாளைக்குக் கிண்ணம் காலி. எல்லாம் மண்ணில். ஒரே கொத்தில் மேலே மொட்டு, நடுவில் பூ, அடியில் உதிர்ந்த விதை என்றிருக்கும், மொத்தமாக அறுக்கவும் வழியில்லை. நான் செய்தது, அடி விதை கறுக்கத் தொடங்கின கிளையாகப் பார்த்து வெட்டி, காகிதப் பைக்குள் தலைகீழாக விட்டுக் கட்டித் தொங்கவிட்டது. இரண்டு வாரத்தில் பைக்குள் சடசடவென்று கொட்டியிருந்தது. 200-க்கு மேல் எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.

மண்ணில் விழுந்ததெல்லாம் சும்மா இருக்குமா? 2025 ஏப்ரலில் வெங்காயப் பாத்தி, நடைபாதை, உரக்குழி விளிம்பு எல்லா இடத்திலும் அந்தச் சதைப்பற்றான இரட்டை இலை. அறுபது வரை எண்ணினேன். பயப்பட வேண்டாம், புதினா மாதிரி வேரோடிப் பரவுகிற ரகம் இல்லை. சின்னதிலேயே களைக்கொத்தால் ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். நான் கோர்ஜெட் பக்கம் நான்கு, தக்காளிப் பக்கம் நான்கு விட்டுவிட்டு மீதியைத் தட்டிவிட்டேன். தானாக முளைத்த செடிகள் நான் ஊன்றினதைவிட உறுதியாக இருந்தன.

மார்க் போட வேண்டும் இல்லையா. விதைக்கு ஐந்துக்கு ஐந்து. பாக்கெட்டில் எழுதியிருந்ததற்கு ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் பூப் படம் நன்றாக இருந்ததற்கு. தோட்டத்தில் காய் போடுகிறவர், செடிக்கு ஒரு மீட்டர் இடம் விட முடிகிறவர் ஒரு பாக்கெட் வாங்கலாம். பால்கனித் தொட்டிக்காரர்கள் வாங்க வேண்டாம். வாங்கினால் ஏப்ரல் கடைசியில் நேராக மண்ணில், ஒரு செ.மீ. ஆழத்தில், பின்வரிசையில் போடுங்கள். இரண்டாவது பாக்கெட் யாருக்கும் தேவைப்படாது, கம்பெனிக்கு அது தெரிந்துதான் 40 என்று போட்டு 37 வைக்கிறார்களோ என்னவோ.

போன மாதம் அம்மா விதை கேட்டாள். அனுமதிச் சீட்டும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் இந்தியாவுக்கு விதை கொண்டுபோகக் கூடாது என்று சொன்னேன். நாலு விதைக்கா இவ்வளவு என்று முணுமுணுத்தாள். மறுநாள் வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. எங்கள் வரப்பு, சிவப்பு மண், நடுவில் ஒரு கவிழ்தும்பை, வெளிர் நீலத்தில் ஏழெட்டுப் பூ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. கூடவே ஒரு குரல் பதிவு. "இதுக்கு எத்தனை பவுன்னு உங்க கடையில கேட்டுச் சொல்லு."